உஷார்! ஒரே நாளில் சென்னையைச் சுற்றக் கிளம்புகிறீர்களா?

கிருஷ்ணன்கோவில் பக்கம் லீவு விட்டாலே வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். 'ஒரே நாளில் சென்னை!' காலையில் மியூசியம், அப்புறம் கோட்டை, ஒரு மணிக்குக் கபாலி கோயில், மதியம் மீன் சாப்பாடு, மூன்றுக்கு மாமல்லபுரம், ஆறுக்கு மெரினாவில் குளியல், ராத்திரியே ஊர் திரும்பல். படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி குடும்பத்தோடு கிளம்பினால் பணம் போகும், நாள் போகும். நேரம் சரியில்லை என்றால் ஆளே போகும்.

முதலில் பூட்டிய கதவுகள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமை திறக்காது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். ஆண்டாள் கோயிலில் மதியம் நடை சாத்துவது நமக்குத் தெரியாதா? தெரியும். சென்னைக் கோயில் என்றதும் மறந்துவிடுகிறோம். மாமல்லபுரமோ நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். சிற்பங்களைப் பார்க்க மாலை 6 மணிவரைதான் அனுமதி. மூன்று மணிக்கு அங்கே, ஆறு மணிக்கு மெரினாவில் என்று எழுதியவர் ஹெலிகாப்டர் வைத்திருப்பார் போல.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்னொரு அடி. கோயம்பேட்டில் இறங்கி டீ குடித்துவிட்டு ஊருக்குள் போன காலம் முடிந்தது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து எழும்பூர் சுமார் 30 கிலோமீட்டர். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கும்போது, பெட்டியில் கை வைத்தபடி 'வாங்கண்ணே, எங்க போகணும்?' என்று ஒரு குரல் கேட்கும். ஆட்டோ மீட்டர் கட்டணம் என்று அரசு 2013-ல் நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். பெட்டியை விடாமல் மாநகர பஸ் நிற்கும் பக்கம் நடங்கள். தாம்பரம் போய் மின்சார ரயில் பிடித்தால் எழும்பூருக்குச் சில்லறைக் காசில் போய்விடலாம். இன்னொன்று, ஓ.எம்.ஆர். பக்கம் கேளம்பாக்கம் என்று வேறொரு ஊர் இருக்கிறது. திரும்பும்போது ஆப்பில் அவசரமாக ஊர்ப்பெயரைத் தட்டி, கிளாம்பாக்கத்துக்குப் பதிலாக அங்கே போய் இறங்கினால் பஸ் போய்விடும்.

மலிவாக அறை தருகிறோம் என்று ஃபோனில் முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள்.

இனி சாப்பாடு. கடற்கரை ஊருக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவதா என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் நாம் போவது கோடை விடுமுறையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை எகிறும். மிச்சமெல்லாம் ஐஸில் கிடந்தது, வெளியூரிலிருந்து வந்தது. 'இப்ப பிடிச்சதுண்ணே' என்று அந்த மாதங்களில் யாராவது வஞ்சிரத் துண்டை நீட்டினால், செவப்பு மசாலாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சட்டி எண்ணெய் கருத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டிய வயிறு அது.

பெரிய ஓட்டலில் வேறு மாதிரி. மெனு அட்டையில் நண்டுக்கும் முழு மீனுக்கும் எதிரே விலை இருக்காது, 'ஏ.பி.எஸ்.' என்று மூன்று எழுத்து இருக்கும். அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். எடை எவ்வளவு, ரூபாய் எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டினால் பில் வரும்போது பகீர் என்றிருக்கும். ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. கட்டித்தான் ஆகவேண்டும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதைக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மறுத்தால் 1915-க்குப் புகார் சொல்லலாம். என்னைக் கேட்டால், திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இரண்டு இட்லியை சாம்பாரில் மிதக்கவிட்டுச் சாப்பிடுவதில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போகும் பால்கோவாவை காலையிலேயே கொடுத்துவிடுங்கள். அந்த ஊர் வெக்கையில் பகல் முழுக்க பைக்குள் கிடந்தால் தாங்காது.

எல்லாவற்றையும்விட பயம் கடல்தான். கண்மாயிலும் கிணற்றிலும் குதித்து வளர்ந்தவர்கள் நம் பையன்கள், அய்யனார் அருவியில் ஆட்டம் போட்டவர்கள். அந்தத் தைரியம்தான் மெரினாவில் எமன். கண்மாய்த் தண்ணீர் நம்மை இழுக்காது, கடல் இழுக்கும். கணுக்கால் அளவில் நின்று பாருங்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து குழியாகும், உடம்பு பின்னால் சாயும். அதே நொடியில் அடுத்த அலை முழங்காலில் அடிக்கும். நனைந்த சேலையும் ஜீன்ஸும் எழுந்திருக்க விடாது. மெரினாவில் கொஞ்ச தூரத்திலேயே ஆழம் சட்டென்று இறங்குகிறது. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடம் பத்திரமான இடம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் கடலுக்குள் இழுத்து ஓடுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுத் தெம்பை இழக்கவேண்டாம். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஒதுங்கி, அப்புறம் கரைக்கு வாருங்கள். ஒருவர் முழுகுகிறார் என்று மற்றவர்கள் வரிசையாகக் குதிப்பதுதான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று சாவாக முடிகிறது. காலிக் கேனோ கயிறோ கையில் கிடைத்ததை வீசுங்கள், 112-க்கு அடியுங்கள். பெசன்ட் நகரில் எல்லோரும் செல்ஃபி எடுக்கிற அந்த வெள்ளை வளைவுக் கட்டடம், 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஸ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவிடம். படம் எடுக்கும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.

வேன் பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போக 500 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. நீங்கள் இரண்டு ராத்திரியும் சீட்டில் சாய்ந்து தூங்குவீர்கள். டிரைவர்? பகலில் பார்க்கிங் வெயிலில் வேனுக்குள் கண்ணை மூடியதுதான் அவருக்குத் தூக்கம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே சொல்லிவிட்டது. இரண்டாம் டிரைவர் இல்லாத வண்டியை வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு ராத்திரி தங்கி, அவருக்கும் சேர்த்து அறை போடுங்கள்.

அதைவிட நல்லது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில் ஏறுவது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாள் அல்ல, 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தட்கலுக்கு ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், அதைக் கடைசி நேரத்தில் செய்யாதீர்கள். எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். திரும்பும் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று அன்று காலையிலேயே 139-ல் கேட்டுக்கொள்ளுங்கள்.