மீன் தொட்டியும் விழுந்துகொண்டே இருக்கும் சுவிட்சும்

மார்கழி விடியற்காலையில் வீடு திடீரென இருண்டால், மீன் வளர்ப்பவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டரை. பகலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் அது சும்மா கிடக்கும். குளிர் ஏறியதும் தெர்மோஸ்டாட் அதை இயக்கும். கண்ணாடிக் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கியிருந்தால், மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவு சுவிட்ச் ‘டப்’பென்று விழுந்துவிடும்.

அது செய்வது வரவு செலவு பார்க்கும் வேலை. பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரு காந்த வளையத்துக்குள் புகுந்து செல்கின்றன. போன மின்சாரம் முழுதாகத் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தண்ணீர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ கொஞ்சம் தரைக்கு நழுவினால் கணக்கு உதைக்கும். வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் வகைதான். ஆனால் கசிவு 15-ஐத் தாண்டினாலே அது விழலாம். எல்.இ.டி. டிரைவர், கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் எல்லாமே பழுதில்லாமலும் சிறிது கசியவிடும். அத்தனையும் சேர்ந்திருக்கும்போது, கடைசியாகச் சொருகிய பம்ப் மேல் பழி விழுகிறது.

கண்டுபிடிக்க, தொட்டியின் எல்லா பிளக்கையும் உருவுங்கள். பிளக் சொருகும் இடத்தின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் பக்கக் கசிவு அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகி, சற்று நேரம் ஓடவிடுங்கள். ஹீட்டரின் முறை வரும்போது அதன் விளக்கு எரியும்வரை திருகைக் கூட்டுங்கள்.

ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா? மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்வாங்கி அதற்குள்ளேயே இறங்கும். ஒரு முறை விழுந்த சுவிட்ச் அடுத்த முறை நிற்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பம்பை மேலே வைக்கலாம், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடலாம். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இரண்டு பின் பிளக்கில் எர்த் கிடையாது. அதன் கசிவு போக வழியின்றித் தண்ணீரிலேயே நிற்கும், சுவிட்சும் விழாது. வெறுங்காலோடு நிற்பவர் கையை விட்டால் அவரே வழியாகிறார். ஆகவே பிளக்குகளை உருவாமல் தொட்டிக்குள் கை வைக்காதீர்கள்.

“அதைக் கழற்றிவிட்டு டைரக்டா கொடுத்துடலாம் சார்” என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டி’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால், ஹீட்டருக்கு முன் மாற்ற வேண்டியது அதைத்தான்.