பைலட் பயிற்சியும் ‘எல்லாம் இன்ஷூர் பண்ணியிருக்கு’ என்ற பொய்யும்

செஸ்னா 152 பயிற்சி விமானத்தில் ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல், என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் கறுப்புக் குமிழை வெளியே இழுப்பார். இரைச்சல் அடங்கிவிடும். மாணவர் மூக்கைத் தாழ்த்தி, வேகத்தை 60 நாட் (knots) அளவில் பிடித்து, இறங்க ஒரு வயலைத் தேட வேண்டும். என்ஜின் நின்றால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை இது. தவிர்க்க முடியாத பாடம்.

சில நேரம் ஒத்திகையே நிஜமாகிவிடுகிறது. குறைந்த விசையில் நெடுநேரம் இறங்கினால் கார்புரெட்டரில் பனி கட்டும். மறுபடி குமிழைத் தள்ளும்போது என்ஜின் இருமிவிட்டு அடங்கிப்போகலாம். 500 அடி உயரத்தில் அப்படி ஆனால் தரைக்கு முக்கால் நிமிடம்தான். ஒத்திகை இல்லாத நாளிலும் என்ஜின் மக்கர் செய்யும். 2025 நவம்பர் 13 அன்று புதுக்கோட்டை மாவட்டம் அம்மாசத்திரம் அருகே ஒரு பயிற்சி விமானம் திருச்சி நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. அதில் இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

பிழைத்த பிறகு வரும் காப்பீட்டுச் சிக்கலைத்தான், க்ளெய்ம் விஷயத்தில் உதவும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போன வருஷம் ஓர் அப்பா பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். பயிற்சி விமான விபத்தில் அடிபட்ட மகனுக்குக் காலில் பிளேட் வைத்திருந்தார்கள். 25 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. விமானத்தில் பயணியாக அல்லாமல் வேறு எந்த வகையில் இருந்தாலும் இழப்பீடு கிடையாது என்ற விலக்குப் பத்தியைக் கடிதத்தில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான விபத்து பாலிசிகளில், ஆயுள் காப்பீட்டோடு வரும் விபத்து ரைடரிலும்கூட, இந்தப் பத்தி உண்டு. ஓட்டப் பழகும் மாணவர் பயணி அல்ல. முன்மொழிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ஏஜென்ட் ‘ஸ்டூடண்ட்’ என்று எழுதியிருந்தார். அதோடு அவர் வேலை முடிந்தது!

“ஸ்கூல்ல எல்லாம் இன்ஷூர் பண்ணியிருக்குன்னு சொன்னாங்களே சார்” என்றார் அப்பா. எல்லாம் என்றால் எது? விமானத்துக்கும், அது விழுந்து சேதமாகும் மூன்றாம் நபர் சொத்துக்கும் காப்பீடு இருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதை வாயால் கேட்காதீர்கள். பயிற்சி மாணவருக்கு விபத்துக் காப்பீடு உண்டா, தொகை எவ்வளவு, தனியாகப் பறக்கும்போதும் செல்லுமா என்று மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். பாலிசி நகலும் கேளுங்கள். தர மறுக்கும் பள்ளியில் முதல் தவணை கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கையில் பாலிசி இருந்தால், பிள்ளை விமானம் ஓட்டப் பழகப் போவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அந்த ஆபத்தையும் பாலிசியில் சேர்க்கும் ‘எண்டார்ஸ்மென்ட்’ கேளுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், அல்லது முடியாது என்பார்கள். முடியாது என்றாலும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேறு நிறுவனம் தேட நேரம் இருக்கும். கல்விக் கடனோடு வங்கி தலையில் கட்டும் காப்பீட்டிலும் அதே விலக்குப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால் விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் இறுதி அறிக்கைக்கு ஒரு வருஷம் ஆவது சாதாரணம். அதன் நோக்கமும் காரணம் கண்டுபிடித்து இனி விபத்து நேராமல் தடுப்பதுதான். யார் மேல் பழி, யார் பணம் தர வேண்டும் என்று அது சொல்லாது. க்ளெய்ம் தகவலை உடனே கொடுங்கள். சிதைந்த விமானத்தை, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுவது, தீயைத் தடுப்பது போன்ற அவசியங்களுக்கு அல்லாமல் யாரும் தொடக் கூடாது என்பது சட்டம்.  உள்ளே சிக்கிய லாக் புக்கும் (பறத்தல் பதிவேடு) கைக்கு வராமல் போகலாம் என்பதால், பிள்ளையின் லாக் புக் பக்கங்களை வாராவாரம் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை உத்தரவிடலாம். ஆனால் மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒரு வருஷத்துக்குள்! விலக்குப் பத்தி தெளிவாக இருந்தால் அங்கேயும் ஜெயிப்பது கஷ்டம். அப்போது பைலட் பயிற்சி என்று தெரிந்தே ஏஜென்ட் மறைத்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். முன்மொழிவுப் படிவ நகல், வாட்ஸ்அப் பேச்சு, எது இருந்தாலும் வையுங்கள்.

அந்த அப்பா வந்தபோது கெடு முடிய பதினொரு நாள்தான் பாக்கி. ஏஜென்ட்டுக்கு அவர் அனுப்பிய ஒரு மெசேஜ் கிடைத்தது: ‘பையன் பைலட் கோர்ஸ் சேர்ந்துட்டான், பாலிசி ஓகேதானே?’ பதிலுக்குக் கட்டைவிரல் படம். அதையும் பிரதி எடுத்து இணைத்துக் குறைதீர்ப்பாளரிடம் கொடுத்தோம். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.