கிணற்று முறை பிசகாமல் இருக்க, தானியங்கிப் பலகைக்குச் சரியான கடிகாரம் தேவை

கண்டமங்கலம் வட்டாரத்தில் கரும்பு, நெல், மணிலா ஆகிய பயிர்கள் கிணற்று நீரைக் கொண்டு பயிராவது விவசாய அன்பர்கள் அறிந்ததே. பாகம் பிரியும்போது நிலம் பிரிந்தாலும் கிணறு பிரிவதில்லை. ஒரு கிணற்றுக்கு இரண்டு பங்கு, நான்கு பங்கு என்று வைத்துக்கொண்டு, முறை போட்டு நீர் பாய்ச்சுகிறோம். நாழிகைக் கணக்கு இருந்த காலத்திலும் இதுவே வழக்கம். ஒரு நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. அளவு எதுவானாலும், முறை என்பது நேரத்தைப் பங்கு போடுவதே ஆகும். நேரம் பிசகினால் தண்ணீர் பிசகும். தண்ணீர் பிசகினால் உறவும் பிசகும்.

அண்மைக் காலமாக மோட்டாரைப் போடவும் நிறுத்தவும், வால்வைத் திறக்கவும் மூடவும் சிறு கணினிப் பலகைகளை விவசாயிகள் சிலர் பொருத்தி வருகிறார்கள. சீட்டுக்கட்டு அளவே உள்ள இந்தப் பலகை, சொன்ன நேரத்தில் சொன்ன வேலையைச் செய்யும். இரவில் விழித்திருந்து மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. இருட்டில் பாம்பை மிதிக்கும் பயமும், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடும் அபாயமும் குறைகின்றன. நல்ல கருவிதான். ஆனால், இதில் ஒரு குறை உண்டு. மின்சாரம் போய் வந்தால், பல பலகைகளுக்கு மணி தெரியாது.

தகராறு வந்த விதம்

கண்டமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், இரண்டு வால்வுகள். காலை 6 மணி முதல் 12 மணி வரை அண்ணன் முறை. 12 மணி முதல் மாலை 6 மணி வரை தம்பி முறை. அந்த லைனில் மும்முனை மின்சாரம் மாலை 6 மணியோடு நின்றுவிடும். அண்ணன் மகன் ஒரு சிறு பலகையைப் பொருத்தி இந்தக் கணக்கை அதில் ஏற்றிக் கொடுத்தான். சில வாரங்கள் குறைவின்றி நடந்தது.

ஒருநாள் இரவு 1.30 மணிக்கு மின்சாரம் போய், 4.30 மணிக்கு வந்தது. மறுநாள் காலை 9.30 மணிக்குத்தான் மோட்டார் ஓடத் தொடங்கியது. அண்ணன் வால்வு பிற்பகல் 3.30 வரை திறந்தே இருந்தது. தம்பிக்கு 3.30 முதல் 6 மணி வரை இரண்டரை மணி நேரம் மட்டுமே தண்ணீர் கிடைத்தது. நான்கு நாட்கள் இப்படியே நடந்தது. தம்பிக்கு மொத்தம் 14 மணி நேரத் தண்ணீர் நட்டம். அவர் வயலில் மல்லாட்டை விழுது இறங்கும் பருவம். கடைப் பாத்திகளுக்கு நீர் எட்டவில்லை.

“மெஷின் அவங்க வீட்டுப் பையன் வெச்சது. மணியைத் திருப்பி வெச்சுட்டாங்க சார்” என்று தம்பி என்னிடம் வருத்தப்பட்டார். அண்ணனோ வெளியூர் போயிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பலகை காட்டிய மணியை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக மூன்றரை மணி பின்தங்கி இருந்தது. அதை யாரும் திருப்பி வைக்கவில்லை.

பலகைக்கு ஏன் மணி தெரிவதில்லை?

நாம் கையில் கட்டும் கடிகாரத்தில் செல் இருக்கிறது. மேசைக் கணினிக்குள்ளும் ஒரு சிறு செல் உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விலையைக் குறைக்கும் பொருட்டு, சிறு பலகைகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. 2012-ல் இங்கிலாந்தில் வெளிவந்து உலகெங்கும் பரவிய ராஸ்பெர்ரி பை பலகையில் இது இல்லை. 2023-ல் வந்த அதன் ஐந்தாம் வகையில் கடிகாரம் இருக்கிறது. ஆனால் செல்லைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.

இத்தகைய பலகை, ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வப்போது மணியைத் தன் நினைவு அட்டையில் குறித்து வைக்கும். மின்சாரம் போய் வந்ததும், கடைசியாகக் குறித்த மணியையே இப்போதைய மணி என்று எடுத்துக்கொண்டு மேலே ஓடும். சாவி தீர்ந்து நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்கு, முள்ளைச் சரிசெய்யாமல் சாவி மட்டும் கொடுத்தது போன்றது இது. மேற்சொன்ன பலகை கடைசியாகக் குறித்தது 1 மணி. மின்சாரம் வந்தது 4.30. இடைப்பட்ட மூன்றரை மணி அதற்குத் தெரியவே தெரியாது.

இணையத் தொடர்பு இருந்தால் பலகை தானே மணியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நம் நாட்டின் பொது நேரத்தை அணுக் கடிகாரங்களின் துணையோடு காத்துவருவது, புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். இணையத்தின் வழியாகவும் அது நேரத்தை வழங்குகிறது. மணியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. 1906-ஆம் ஆண்டு இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன், சென்னை வானாய்வு நிலையம் கணித்த மதராஸ் நேரத்தைக் கொண்டுதான் ரயில்கள் ஓடின. ஆனால், கிணற்று மேட்டில் சிக்னல் கிடைக்காவிட்டால் பலகை யாரைக் கேட்கும்? எனவே, அதற்கென்று சொந்தக் கடிகாரம் வேண்டும்.

பட்டன் செல் கடிகாரம்

பலகையோடு இணைக்கக்கூடிய சிறு கடிகாரத் துண்டுகள் மின்னணுச் சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஆர்.டி.சி. என்று கேட்டால் கொடுப்பார்கள். இவற்றில் இரண்டு வகைகள் பரவலாக விற்கின்றன.

டி.எஸ். 1307 என்பது பழைய வகை. இதிலும் சாதாரணக் கைக்கடிகாரத்திலும் இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். இது 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை ஒட்டிச் சரியாக ஓடும்படி அமைந்தது. வெப்பம் அதற்கு மேல் போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். 45 டிகிரியில் நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு வினாடியும், 55 டிகிரியில் சுமார் இரண்டரை வினாடியும் பின்தங்கும். வெயிலில் மாட்டிய தகரப் பெட்டிக்குள் இந்தச் சூடு எளிதில் ஏறிவிடும்.

டி.எஸ். 3231 என்பது மேலானது. இது தன் வெப்பத்தைத் தானே அளந்து ஓட்டத்தைத் திருத்திக்கொள்ளும். 40 டிகிரி வரை, ஆண்டு முழுவதற்குமே சுமார் ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. விலையில் பெரிய வேறுபாடு இல்லாததால் இதையே வாங்குவது நலம்.

செல் போடுவதில் எச்சரிக்கை தேவை. மலிவான சில துண்டுகளில், செல்லுக்கு மின்னேற்றம் செய்யும் இணைப்பு இருக்கும். அவற்றில் மின்னேற்றம் செய்யக்கூடிய செல்லை மட்டுமே போட வேண்டும். சாதாரண சி.ஆர். 2032 செல்லைப் போட்டால் அது பழுதாகவோ வீங்கவோ கூடும். எந்தச் செல் பொருந்தும் என்று விற்பவரிடம் கேட்டே வாங்கவும். செல் பல ஆண்டுகள் உழைக்கும்; ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

துண்டைப் பொருத்தினால் மட்டும் போதாது. பலகை விழித்தவுடன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து மணியை எடுத்துக்கொள்ளும்படி அமைத்துக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் கடிகாரம் ஒருபுறமும் பலகை ஒருபுறமுமாக ஓடும்.

சிக்னலே எட்டாத இடங்களில், விண்கோள்களிலிருந்து மணியைப் பெறும் ஜி.பி.எஸ். துண்டையும் பயன்படுத்தலாம். அதன் ஏரியல் திறந்த வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயினும் பட்டன் செல் கடிகாரத்தைக் கைவிட வேண்டாம். 2016-ல் நம் நாட்டின் முதல் வழிகாட்டு விண்கோளில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகி, 2018-ல் மாற்று விண்கோள் அனுப்ப நேர்ந்தது. விண்கோளுக்கே மாற்றுக் கடிகாரம் தேவைப்படும்போது, நம் மோட்டாருக்கும் அது தேவைதானே?

பிழையும் காரணமும்

பயிருக்கு நோய் பார்ப்பதுபோல, கடிகாரப் பிழைக்கும் அறிகுறி பார்த்துக் காரணம் அறியலாம்.

1. மின்சாரம் போயிருந்த நேரத்தின் அளவுக்கோ, அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ மணி பின்தங்கி இருந்தால், பலகைக்குக் கடிகாரத் துண்டு இல்லை. அல்லது இருந்தும் பலகை அதைப் பார்ப்பதில்லை.

2. சரியாக ஐந்தரை மணி பின்தங்கி இருந்தால், பலகையில் இந்திய நேரம் அமைக்கப்படவில்லை. உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. 6 மணிக்கு ஓட வேண்டிய மோட்டார் 11.30-க்கு ஓடும்.

3. தேதி 1970 அல்லது 2000 என்று காட்டினால், செல் தீர்ந்துவிட்டது அல்லது கழன்றுவிட்டது.

4. மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் சில நிமிடங்கள் பிசகினால், அது படிகத்தின் பிழை. பெட்டியை நிழலுக்கு மாற்றவும், டி.எஸ். 3231 பொருத்தவும்.

நான்காவது பிழைக்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஐந்து நிமிடத் தண்ணீரால் மல்லாட்டை வாடிவிடாது. பயிரையும் உறவையும் கெடுப்பவை மணிக்கணக்கில் வரும் முதல் மூன்று பிழைகளே.

முறைக் கிணற்றுக்காரர்கள் கவனத்துக்கு

வாரம் ஒருமுறை, பங்காளிகள் இருவரும் இருக்கும்போது பலகையின் மணியைக் கைப்பேசியின் மணியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். கைப்பேசியில் நேரம் தானாக அமையும் வசதி போடப்பட்டிருக்க வேண்டும். மின்தடை ஏற்பட்ட மறுநாள் காலையில் கட்டாயம் பார்க்கவும்.

மணி உறுதியாகத் தெரியாதபோது, பலகை மோட்டாரைப் போடாமல் சிவப்பு விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கும்படி அமைத்துக்கொள்ளவும். தவறான நேரத்தில் ஓடுவதைவிட, ஓடாமல் நின்று ஆளைக் கூப்பிடுவது மேல்.

மோட்டார் ஓடிய மணியைக் கூட்டிக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்றை ஸ்டார்ட்டர் பலகையில் பொருத்தவும். முறை மாறும்போது அதன் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், யாருக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதில் ஐயம் எழாது. கடிகாரம் பிசகினாலும் இந்தக் கணக்கு பிசகாது.

தனிக் கிணறு உள்ளவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. மும்முனை மின்சாரம் வந்ததிலிருந்து இத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று அமைத்துவிட்டால், அப்போது மணி என்ன என்ற கேள்வியே எழாது.

மோட்டார், ஸ்டார்ட்டர் இணைப்புகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். பிள்ளைகள் பலகையை அமைக்கலாம். மும்முனை மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது.

மேற்சொன்ன கிணற்றில் இப்போது பட்டன் செல் கடிகாரமும் ஹவர் மீட்டரும் இருக்கின்றன. நட்டப்பட்ட 14 மணி நேரத்தை அண்ணன் தன் முறையிலிருந்து, நாள் ஒன்றுக்கு இரண்டு மணி வீதம் ஏழு நாட்களில் விட்டுக் கொடுத்தார். கணக்கு நோட்டைத் தம்பி எழுதுகிறார்; அண்ணன் கையெழுத்துப் போடுகிறார். தானியங்கி வைத்துள்ள மற்ற விவசாய அன்பர்களும், அடுத்த மின்தடை வருமுன் தங்கள் பலகையில் செல் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.