பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்

எங்கள் தளவாய்புரத்தில் தையல் இயந்திரத்தின் ஓசை கேளாத தெரு அரிது. வடக்கே இராஜபாளையத்தில் நூல் மில்லும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியும், அப்பால் சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியுமாக, பஞ்சையும் வெடிமருந்தையும் நம்பியே இந்த வட்டாரத்து ஜனங்கள் உலை வைக்கிறார்கள். அவ்விரண்டும் ஒன்றாய்த் தங்கினால் என்ன விபரீதம் நேரும் என்பதை, 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகம் கண்டது.

‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் சரக்குக் கப்பல், யுத்தத்திற்கென ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்களையும், போர் விமானங்களையும், பெட்டி பெட்டியாகத் தங்கக் கட்டிகளையும் இங்கிலாந்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பேல்களையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் சேர்த்துக்கொண்டு, 12-ஆம் தேதி விக்டோரியா டாக்கை வந்தடைந்தது. வெடிமருந்து ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிட வேண்டும் என்பது மரபு. அந்தக் கொடி அன்று ஏற்றப்படவில்லை.

14-ஆம் தேதி பகல் இரண்டு மணி அளவில், கப்பலின் இரண்டாம் சரக்கறையில் பஞ்சு புகைவதைக் கண்டார்கள். பேலுக்குள் புகுந்த தீ எத்தகையது என்பதை எங்கள் மில் தொழிலாளி எவரும் சொல்லுவார்: மேலே அணைந்தாற்போலத் தோன்றும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். 900 டன்னுக்கு மேல் நீரை இறைத்தும் அது அடங்கவில்லை. அறைக்குள் நின்ற நீரே கொதித்தது. மாலை 4 மணி 6 நிமிஷத்திற்குக் கப்பல் பிளந்து சிதறியது. அரை மணிக்குள் மீண்டும் ஒரு வெடிப்பு. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் கண்ணாடிகள் நொறுங்கின. சிம்லாவிலிருந்த பூகம்பமானியில் அதிர்வு பதிந்தது. மாண்டவர்கள் எண்ணூறு முதல் ஆயிரத்து முந்நூறு பேர் வரை என்று பலவாறாகக் கணக்கிடுகிறார்கள். வீடிழந்தவர்கள் சுமார் 80,000 பேர். தங்கக் கட்டிகளிற் சில, துறைமுகத்தைத் தூர் வாரும்போது பல பத்தாண்டுகள் கழித்தும் அகப்பட்டன. செய்தியை வெளியிட இந்தியப் பத்திரிகைகளுக்கு மே மாதம் வரையில் அனுமதி கிடைக்கவில்லை.

தீயின் எதிரே இறுதிவரை நின்று உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே, பெரும்பாலும் சித்திரை முதல் நாளோடு சேர்ந்து வரும் ஏப்ரல் 14, தேசம் முழுவதும் தீயணைப்புச் சேவை தினமாக அநுஷ்டிக்கப்படுகிறது.

என் மனத்தை அறுப்பது வெடித்த மருந்தின் அளவன்று. பக்கத்தில் நின்றவர்களுக்கு உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லப்படவில்லையே, அதுதான். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில், ஆறாண்டுகளாகக் கிட்டங்கியில் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் மாண்டார்களே, அங்கேயும் தீயணைக்க அனுப்பப்பட்டவர்களுக்கு உள்ளிருந்தது என்னவென்று தெரியாது. அந்தச் சேதி வந்த பிறகுதான், சென்னை மணலியில் பல வருஷங்களாகக் கிடந்த ஏறத்தாழ 700 டன் அதே ரசாயனம் அவசரமாக ஹைதராபாத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டது.

துறைமுகம் வரை போவானேன்? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை தீப்பற்றி ஏறக்குறைய 40 பேர் மாண்டபோது, அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுப்புறத்து ஊர்க்காரர்கள். அங்கே ஓய்ந்த கால்களுள் இரக்கத்தால் ஓடிவந்தவையும் இருந்தன என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். கிட்டங்கியோ ஆலையோ வைத்திருப்பவர்கள், உள்ளே இன்ன சரக்கு, இவ்வளவு இருக்கிறது என்று வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள். புகையைக் காண்பவர்கள், 101-க்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்துவிடுங்கள்.