உருவிய நூல் வீணாவதில்லை

மார்கழி மாதத்தில் எஸ்பியர்க் நகருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஏழு மணி நேரப் பகல் மட்டுமே. பிற்பகல் நான்கு மணியளவில் வட கடலின் மேல் இருள் கவியத் தொடங்கிவிடுகிறது. அவ்வேளையில் பேருந்திலும் புகையிரதத்திலும் மடியில் நூலுருண்டையை வைத்துப் பின்னிக்கொண்டிருக்கும் டெனிஷ் பெண்களை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். எம்மவர் வீடுகளுள்ளும் அந்த ஊசிகள் நுழைந்து நெடுங்காலமாகிவிட்டது.

அண்மையில் இந்நகரில் வாழும் தமிழ்த் தாய் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பேர்த்திக்கெனப் பின்னும் கம்பளிச் சட்டை அவர் மடியில் இருந்தது. நெஞ்சுப் பகுதியில் இரு நிற நூலால் கோலமொன்று வளர்ந்துகொண்டிருந்தது. விளக்கருகே பிடித்துப் பார்த்தவரின் முகம் சுருங்கிற்று. பன்னிரண்டு வரிசைகளுக்குக் கீழே ஒரு கண்ணி பிசகியிருந்தது. அதன்பின் வந்த கோலம் முழுவதும் ஒரு கண்ணி தள்ளி விழுந்திருந்தது. மூன்று இரவு வேலை!

இந்த மண்ணில் பின்னல் வெறும் பொழுதுபோக்காகத் தோன்றியதன்று. யூலன்டின் நடுப்பகுதி ஒரு காலத்தில் மணலும் பற்றையுமான நிலம். விளைச்சல் போதாத குடியானவர்கள், ஆண், பெண், பிள்ளைகள் என்ற பேதமின்றி, மாலையில் ஒரு வீட்டில் கூடிக் காலுறை பின்னினர். சிறு வணிகர் அவற்றைச் சுமந்து சென்று ஊரூராக விற்றனர். எழுத்தாளர் ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கர் 1842 இல் வெளியிட்ட நூலொன்று, அத்தகைய பின்னற் கூடத்தில் சொல்லப்படும் கதைகளாக, யூலன்ட் பேச்சுமொழியிலேயே அமைந்ததாகும்.

பின்னலில் பிழை விடாதவர் எவருமில்லை. பிழையின் வகையறிந்து திருத்துவதே கைத்திறன். ஊசியிலிருந்து கண்ணியொன்று நழுவினால் அது ஏணிப்படிபோலக் கீழிறங்கும். குரோசே ஊசியால் ஒவ்வொரு படியாகக் கோத்து அதனை மேலேற்றிவிடலாம். நேர்க்கண்ணி விழவேண்டிய இடத்தில் மறுகண்ணி விழுந்திருப்பின், அந்த ஒரு நிரலை மட்டும் இறக்கித் திருத்தலாம். டெனிஷ் மொழியில் முன்னதை 'றெட்' என்றும் பின்னதை 'விறாங்' என்றும் அழைப்பர். துணியின் வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் அவையே பெயர்கள். உண்மையில் இரண்டும் ஒரே கண்ணிதான். ஒன்றின் முதுகே மற்றொன்று.

ஆனால் கோலம் பிசகினால் உருவுவதைத் தவிர வேறு வழியில்லை. இதனை எதிர்பார்த்தே கைதேர்ந்தவர்கள் சில வரிசைகளுக்கு ஒருமுறை வேறு நிற மெல்லிய நூலொன்றைக் கண்ணிகளினூடே கோத்து வைக்கின்றனர். உருவும்போது பின்னல் அந்நூலில் வந்து நின்றுவிடும்.

பிழைக்குச் செலவாவது நேரம். நூலுக்குச் செலவாவது பணம். வளர்ந்தவர் ஒருவரின் சட்டைக்கு 600 கிராம் நூல் தேவையெனக் கொள்வோம். 50 கிராம் உருண்டைகள் பன்னிரண்டு வேண்டும். உருண்டை ஒன்று 40 குறோணர் எனின் மொத்தம் 480 குறோணர். அதனுள் 25 வீத விற்பனை வரியாக 96 குறோணர் அடங்கியிருக்கும். கையிற் காசு வரும்போது நாலு நாலாக வாங்கலாமென்றால் அதுவும் இயலாது. சுற்றுத்தாளில் அச்சிடப்பட்டுள்ள சாயத் தொகுதி எண் மாறினால், ஒரே நிறமும் சற்று வேறுபட்டுத் தெரியும். முழுவதையும் ஒரே தடவையில் வாங்குவதே உத்தமம்.

மாதிரித் துண்டொன்றைப் பின்னி அளந்து பார்ப்பதும் சிக்கனமே. 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணிகள் வரவேண்டிய இடத்தில் 20 வருமாயின், 220 கண்ணிகள் கொண்ட சட்டையின் சுற்றளவு 100 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 110 ஆகிவிடும்.

அந்தத் தாய் கைக்கொண்ட வழி வேறு. பழம்பொருட் கடைகளில் கம்பளிச் சுவெற்றர்களை மலிவாக வாங்கி உருவி எடுப்பார். வாங்குமுன் உட்புறத் தையலைப் பார்க்க வேண்டுமென்கிறார். துணியாக வெட்டி இயந்திரத்தில் ஓரமடித்த சட்டையை உருவினால் துண்டு துண்டான நூலே கிடைக்கும். வெந்நீரில் தோய்த்து இறுகிப்போனதும் உதவாது. நல்ல நூலெனின் கழியாகச் சுற்றி, நாலு இடத்திற் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அலசித் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும்.

இதனை அவர் பழகியது வந்த முதற் குளிர்காலத்தில். கணவர் 1986 இல் வந்து சேர்ந்தார். மனைவியும் மகனும் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தனர். 1987 இல் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை அன்றைய நீதி அமைச்சர் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பிற் போடச் செய்தார். அதன் காரணமாக 1993 தை மாதத்தில் அரசே பதவி விலக நேர்ந்ததும், 1995 இல் அவ்வமைச்சர் குற்றவாளியாகக் காணப்பட்டதும் எம்மவர் மறவாத வரலாறு. இவர் எஸ்பியர்க் வந்து சேர்ந்தது 1989 இல். மகனுக்குப் பழைய சுவெற்றர் ஒன்றை உருவிப் பின்னியபோது முதலில் கழுத்து இறுகியது. பின்னர் கை நீண்டது.

"மூண்டு தரம் உருவினன் பிள்ளை. நூல் மூண்டு தரமும் திரும்ப வந்தது. அந்த ரெண்டு வருசம்தான் திரும்ப வரேல்லை," என்றார்.

அன்றைய பிழையை அப்படியே விட்டாலென்ன, குழந்தை கவனிக்கவா போகிறது என்று கேட்டோம். "அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே," என்று கூறியவாறே ஊசியை உருவி எடுத்தார். நூலை உருண்டையாகச் சுற்றும் வேலை எமக்குத் தரப்பட்டது. பன்னிரண்டு வரிசைகளும் கால்மணி நேரத்தில் எமது கைக்குள் வந்துவிட்டன. கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றி, இருமுறை எண்ணிச் சரிபார்த்த பின்னரே தேநீர் வைக்க எழுந்தார்.

நாம் விடைபெறும்போது முதல் வரிசை மீண்டும் ஏறியிருந்தது. தைப்பொங்கலுக்குப் பேர்த்தி அச்சட்டையை அணிவாள்.