ஊர் கூடும் நாள் – 14
கோயில் இங்கே, தூண் அங்கே

விழுப்புரம் வட்டாரத்துத் திருவிழாக்களுக்கு நாள் குறிப்பது வயல் வேலையும் மழையும்தான், பஞ்சாங்கம் அதன் கீழே கையெழுத்துப் போடுகிறது என்று பதின்மூன்று வாரமாகச் சொல்லி வருகிறேன். நடுவில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் படித்துக்கொள்ளவும். இடம் குறைவு.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழை இறங்கிவிட்டால் மண்பாதையில் வேன் போகாது, வயலை விட்டு ஆளும் நகர முடியாது. அதற்குள் கிடைக்கிற நாலைந்து சனிக்கிழமைகளில் ஊர் தன் கடனை எல்லாம் தீர்க்கிறது. நாமம் போட்ட பிள்ளைகள் சொம்பை ஏந்தி வீடு வீடாக ‘கோவிந்தா’ போட்டு அரிசி வாங்குகிறார்கள். அந்த அரிசியில் தளிகை. கறிக்கடைக் கத்திக்கு ஒரு மாதம் ஓய்வு. பரிக்கல், பூவரசங்குப்பம், சிங்கிரிகுடி என்று மூன்று நரசிம்மரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டுமென்று விடியுமுன் வேன் கிளம்புகிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் பஞ்சவடியில் 36 அடி உயரப் பஞ்சமுக ஆஞ்சநேயர். பெருமாளுக்கான சனிக்கிழமையில் பாதியை அவர் வாங்கிக்கொள்கிறார்.

இந்த வாரம் மேல்மலையனூர் என்று சொல்லியிருந்தேன். அந்த ஊர் அங்காளம்மன் மன்னிக்க வேண்டும். செஞ்சி வழியாகத்தான் போக வேண்டும், செஞ்சியிலேயே மாட்டிக்கொண்டேன்.

செஞ்சியைச் சொல்லுமுன் பிரான்சுக்கு ஒரு நடை. அங்கே செப்டம்பர் மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு விழா உண்டு. 1984-இல், ஜாக் லாங் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது தொடங்கினார்கள். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் மாளிகைகள், அரசு அலுவலகங்கள், ஜனாதிபதி குடியிருக்கும் எலிசே மாளிகை வரைக்கும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சின்ன ஊர்களிலும் பழைய ஆலை, தேவாலயம், கோட்டை என்று வாசலில் வரிசை நிற்கும். பின்னால் ஐரோப்பா முழுக்க அது பரவியது. பழைய கட்டடத்துக்குள் மக்களை வரவழைக்க அங்கே அரசாங்கம் ஒரு சனி, ஞாயிறை உண்டாக்க வேண்டியிருந்தது. நமக்குச் சனிக்கிழமை தயாராக இருக்கிறது. கட்டடமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம். பல்லவர் குடைந்த குகையில், பாறையோடு பாறையாக ரங்கநாதர் படுத்திருக்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமை அந்தப் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. ஏறுகிற எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்: “தேசிங்கு ராஜா சண்டைக்குப் போவட்டுமான்னு கேட்டாரு. சாமி முகத்தைத் திருப்பிக்கிச்சு.” சாமி திருப்பியும், செஞ்சியை ஆண்ட அந்த ராஜா போனார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714 அக்டோபரில் இறந்தார். ஏறக்குறைய இதே புரட்டாசிப் பருவம். இளம் வயது, ஆண்டது ஒரு வருடத்துக்கும் குறைவு. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து கூடவே சண்டையிட்ட முஸ்லிம் நண்பனைக் கதைப்பாடல் இன்றும் கொண்டாடுகிறது. உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். வென்ற நவாப் செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு மசூதி கட்டினார். அது இன்னும் நிற்கிறது. ஆனால் வட்டாரம் பாடுவது தோற்றவரைத்தான்.

இனி, இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் இணைத்த கோட்டை அது. விழுந்தது 1698-இல். எட்டு வருடம்! முகலாயப் பேரரசின் பணமும் பீரங்கியும் எட்டு வருடம் செஞ்சி வெயிலில் காய்ந்திருக்கின்றன. கோட்டை விழுவதற்குள் ராஜாராமும் தப்பிப் போய்விட்டார்.

அதே கோட்டையை 1750 செப்டம்பரில், ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் வாரத்தில், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். எத்தனை நாளில்? ஒரே ராத்திரியில். புதுச்சேரியில் டூப்ளே ஆளுநர். முன்னால் போன படைக்கு புஸ்ஸி தலைவர். மாலையில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் ஆட்களைத் துரத்திக்கொண்டு மதில்வரை வந்தார்கள், வெடி வைத்து வாயிலைத் தகர்த்தார்கள், இருட்டில் மூன்று மலையிலும் ஏறினார்கள். செப்டம்பர் 12 விடியும்போது மேலே பறந்தது பிரெஞ்சுக் கொடி. காலையில் அந்தச் செங்குத்துப் பாறைகளைப் பார்த்து, ஏறியவர்களே மலைத்திருப்பார்கள். வார இறுதியில் புதுச்சேரியின் புஸ்ஸி வீதியில் நடந்து போகிறவர்களே, அந்தப் புஸ்ஸி இவர்தான். 1761-இல் ஆங்கிலேயரிடம் இழக்கும் வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கோட்டையில் இன்றும் ஒரு வாயிலுக்குப் புதுச்சேரி வாயில் என்றே பெயர்.

அந்த வாயிலுக்குப் பக்கத்தில்தான் வெங்கடரமணர் கோயில். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோட்டைக்குள் இருப்பதிலேயே பெரிய கோயில் இதுதான். கோபுர வாயிலின் உட்சுவர்களில் ராமாயணமும் பாற்கடல் கடைவதும் செதுக்கியிருக்கிறார்கள். நித்தியப்படி பூஜை இல்லாத, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பெருமாள் பெயர் இருக்கிறது, புரட்டாசி இருக்கிறது, சனிக்கிழமை இருக்கிறது. ‘கோவிந்தா’தான் இல்லை. இந்தக் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 70 கிலோமீட்டர். ஒரே கல்லில் செதுக்கிய நெடிய தூண்கள், லாரி இல்லாத காலம்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே எட்டுத் தூண்கள், அவை செஞ்சியிலிருந்து போனவைதான். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள். சென்னை, பெங்களூரு, விழுப்புரம், திண்டிவனம் என்று எல்லா ஊர்க் கூட்டமும் அந்தத் தூண்களில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். காந்தி நடுவில் நடந்துகொண்டிருப்பார். செஞ்சிக்குப் படை அனுப்பிய டூப்ளே அதே சாலையின் தெற்குக் கோடியில் சிலையாக நிற்கிறார். ஆக, கோயில் செஞ்சியில், தூண் புதுச்சேரியில், சாமி கும்பிடும் கூட்டம் சிங்கவரத்தில். மூன்றுக்கும் ஒரே வார இறுதி.

2025 ஜூலையில் மராட்டியப் போர்நிலப்பரப்புகள் என்ற வரிசையில் யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம் செஞ்சி. அறிவிப்பு வந்ததும் பெருமைப்பட்டோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பாரம்பரியத்துக்கென்று ஏப்ரல் 18-ஆம் தேதி ஒரு நாளும் நவம்பர் 19 முதல் ஒரு வாரமும் காலண்டரில் இருக்கின்றன. முதலாவது கத்திரி வெயிலுக்கு முன்னோட்டம், இரண்டாவது மழைக்காலம். இந்த மண்ணின் ஆள் வீட்டை விட்டுக் கிளம்புகிற மாதம் புரட்டாசி. பிரெஞ்சுக்காரன் யோசித்துக் கண்டுபிடித்த அதே செப்டம்பர்.

சிங்கவரத்துப் படி இறங்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் கோட்டைப் பக்கம் திரும்பினால் போதும். தேசிங்கு கதையைப் பாட ஒருவர், அந்த ஒரு ராத்திரியைச் சொல்ல ஒருவர், எங்கெங்கே தூண்கள் நின்றன என்று காட்ட ஒருவர். மைக்செட் வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். ஒரு சனிக்கிழமை பகல் போதும். தேர்த் திருவிழா நடத்தத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வேலையா?

ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது தடவையாகப் போன் வந்துவிட்டது. மேல்மலையனூர் அடுத்த வாரம். அங்கே அம்மனுக்கு ஊஞ்சல் அமாவாசை இரவில். அது செவ்வாயில் வந்தாலும் வியாழனில் வந்தாலும் அவ்வளவு கூட்டம் எப்படி லீவு போடுகிறது என்பதுதான் கேள்வி. புரட்டாசியில் வருவதோ மகாளய அமாவாசை. அதில் வயல் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது. பார்ப்போம்.

(கூடுவோம்)