பாட்டுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

ஊரை விட்டு வந்தவர்க்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. பல வேளைகளில் அதுவே ஊர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் மக்களிடையே, பழைய படப்பாடல்களை மெமரி கார்டில் ஏற்றித் தருவதும், வாட்ஸப் குழுவில் ஒருவர் அனுப்பப் பலர் பெற்றுக்கொள்வதும், பொங்கல் விழாவில் ஒலிபெருக்கியில் வைப்பதும் வழக்கமாகிவிட்டன. இவற்றுள் எது சட்டத்துக்கு ஏற்றது, எது மாறானது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஒருநாள் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் வீடு கலங்குகிறது. சிலர் கேட்ட தொகையை அஞ்சிக் கொடுத்துவிடுகின்றனர். சிலர் கடிதத்தைக் கிழித்து எறிகின்றனர். இரண்டும் தவறான வழிகளே. ஆதலின் இதன் உண்மை நிலையை நேயர்களுக்கு விளக்க முற்படுகிறோம்.

நம் நாட்டில் இவ்விஷயத்தை ஆள்வது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரி 21 முதல் நடப்பிலிருப்பது. ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன: சொல்லுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. முதல் இரண்டும் ஆக்கியோன் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஒலிப்பதிவின் உரிமையோ வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளே. 1960-இல் வெளிவந்த ஒலிப்பதிவின் உரிமை 2020-ஆம் ஆண்டின் முடிவோடு தீர்ந்தது. ஆயினும் அதே பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை இன்னும் உயிரோடிருக்கக்கூடும். “பழைய பாட்டுத்தானே” என்பது ஆகவே போதிய விடையாகாது.

மிரட்டலையும் சட்டத்தையும் பிரித்தறிய, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 2016-இல் நடந்த ஒரு வழக்கு நல்ல பாடம். நீதிமன்ற ஆணையால் தடுக்கப்பட்ட இணையத்தளங்களைத் திறந்தவர்கள், திருட்டுப் பிரதியைப் பார்த்தாலே 3 ஆண்டுச் சிறையும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்ற பொருள்பட ஓர் எச்சரிக்கையைக் கண்டு திடுக்கிட்டனர். நீதிபதி கௌதம் படேல், வெறுமனே பார்ப்பது மட்டும் குற்றமன்று என்றும், உரிமையாளருக்குக் கேடாகப் பரப்புதல், பொதுவில் காட்டுதல், விற்றல், வாடகைக்கு விடுதல் ஆகியவையே குற்றம் என்றும் தெளிவுபடுத்தி, அவ்வாசகத்தைத் திருத்தச் செய்தார். அச்சுறுத்தும் வாசகம் சட்டத்தை மிஞ்சியும் பேசும் என்பது இதனால் விளங்கும்.

இதனால் பரப்புவோர்க்கு அச்சமில்லை என்று கொள்ளலாகாது. அறிந்தே உரிமையை மீறுவோர்க்கு 63-ஆம் பிரிவு, 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வாணிப ஆதாயம் கருதாமல் செய்ததாயின், தக்க காரணம் காட்டி நீதிபதி குறைக்கலாம். இது போலீஸார் வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க இயலாத குற்றம் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு வாங்கிக்கொண்டு மெமரி கார்டு நிரப்பும் சிறு கடைக்காரர் இதனை நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

மறுபுறம், 52-ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுதல், உண்மையான சமயச் சடங்கில் பாட்டு ஒலிப்பது, இலாப நோக்கமற்ற சங்கத்தின் நிகழ்ச்சியில் ஒலிப்பதிவு வைப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். திருமண ஊர்வலமும், திருமணத்தை ஒட்டிய விழாக்களும் சமயச் சடங்கில் சேரும் என்று சட்டமே விளக்கம் கூறுகிறது.

இனி, கடிதம் வந்தால் செய்ய வேண்டியது யாது? வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற ஆணையன்று. ஒரு தரப்பாரின் கோரிக்கையே. எந்தப் பாட்டு, மூன்றனுள் எந்த உரிமை, என்று எங்கே மீறப்பட்டது, அனுப்பியவருக்கு அவ்வுரிமை எவ்வாறு வந்தது என்னும் நான்கு வினாக்களுக்கும் அதில் விடை தேடுக. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருத்தல் வேண்டுமென்பது 19-ஆம் பிரிவு. ஆகவே அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்பது முறையே.

பரப்புவதை உடனே நிறுத்துக. ஆனால் கடிதங்களையும் கணக்குகளையும் அழிக்கற்க. தொலைபேசியில் வாதாடாமல், ஒரு வழக்கறிஞரைக் கலந்து, குறித்த தவணைக்குள் சுருக்கமாகத் தபாலில் விடை அனுப்புக. சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட நாம் இங்கு ஒரு தொடரைச் சுட்டுவோம்: “எமது உரிமைகளுக்குக் குந்தகமின்றி” என்பதே அது. நிறுத்தியது குற்ற ஒப்புதலாகாது என்பதை இத்தொடர் உணர்த்தும். பொய் மட்டும் எழுதலாகாது. உரிமை உள்ளதென்று அறியாமலும், அறிய நியாயமான காரணமில்லாமலும் செய்தவரிடம், தடையாணையும் அடைந்த இலாபமும் தவிர வேறு பரிகாரம் சிவில் வழக்கில் கோர இயலாதென்கிறது 55-ஆம் பிரிவு. ஆதாரமின்றி மிரட்டுவோர்மேல் தாமே வழக்கிட்டுத் தடையும் நஷ்டஈடும் பெற 60-ஆம் பிரிவு வழி தருகிறது.

நீதிமன்றச் சம்மன் வந்தாலோ நிலை வேறு. வணிக வழக்காயின் 30 நாளில் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் நீட்டினும் 120 நாளுக்கு மேல் இடமில்லை. உரிமையாளர் தாம் வாழும் ஊரிலேயே வழக்கிட 62-ஆம் பிரிவு சில வரம்புகளுக்கு உட்பட்டு அனுமதிப்பதால், மும்பைவாசிக்குச் சென்னையிலிருந்தும் சம்மன் வரலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், தொழிலாளர்க்கும், வருமானம் குறைந்தோர்க்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்னும் எண்ணில் கேட்கலாம். போலீஸ் என்று கூறித் தொலைபேசியிலேயே பணம் கேட்பவன் மோசக்காரன். அவனைப் பற்றி 1930-க்குத் தெரிவிக்க.

2017-இல் இளையராஜா அவர்களிடமிருந்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கே நோட்டீஸ் சென்றது. நெடுநாள் நண்பரான பாடகர், சட்டம் தமக்குத் தெரியாதென்றும், அப்பாடல்களை இனி மேடையில் பாடுவதில்லையென்றும் அமைதியாக அறிவித்துப் பயணத்தைத் தொடர்ந்தார். உரிமையின் மறுபக்கத்தில் பாட்டை ஆக்கியவரும் நிற்கிறார். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியாக்கிய திருத்தம் 2012-இல்தான் வந்தது. அவர்க்குரியதை அவர்க்கு அளிப்பதும், அவர் பெயரால் வரும் வீண் மிரட்டலுக்கு அஞ்சாதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல, இரண்டும் நியாயமே.